நெதர்ட்டன் நங்கூரமும் பர்மிங்ஹாம் கிட்டாரும்

கடல் வாடையே எட்டாத உள்நாட்டு ஊர் நெதர்ட்டன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டட்லி நகரை ஒட்டி இருக்கிறது. டைட்டானிக் கப்பலின் மூன்று நங்கூரங்களும் அந்த ஊரில், நோவா ஹிங்லி அண்ட் சன்ஸ் என்ற பட்டறையில் உருவானவை. அங்கிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி. 1968இல் பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழு தோன்றிய இடம் அது. இருபது ஆண்டு கழித்து, அதே பர்மிங்ஹாமில் காட்ஃப்ளெஷ் என்ற இருவர் குழு டிரம் மெஷினை வைத்துக்கொண்டு இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்ற வகைக்கு அடித்தளம் போட்டது.

இந்த இரண்டு மரபுகளும் ஒரே வட்டாரத்தில் பிறந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், "ஆலைச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஆலைச் சத்தத்தையே வாசித்தார்கள்" என்பது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வால்சாலில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தன் பள்ளிக்காலத்து உலோக ஆலைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் அது மட்டும் போதாது. ஆலை இருந்த ஊரெல்லாம் இப்படி ஒரு இசையைப் பெற்றுவிடவில்லையே. நங்கூரச் சங்கிலியின் இயக்கத்தையும் கிட்டார் கம்பியின் இயக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சத்தத்தைவிட உறுதியான ஒரு தொடர்பு தென்படும். இரண்டிலும் கேள்வி இழுவிசை பற்றியது. இரண்டிலும் கனம் வருவது முறுக்கி இழுப்பதால் அல்ல, தளரவிடுவதால்.

பதினைந்தரை டன்

டைட்டானிக்கின் நடு நங்கூரம் ஏறத்தாழ 15.5 டன். பக்கவாட்டு நங்கூரங்கள் இரண்டும் தலைக்கு எட்டு டன்னை ஒட்டியவை. கப்பல் 1911 மே 31 அன்று பெல்ஃபாஸ்டில் நீரில் இறக்கப்படுவதற்குச் சில வாரம் முன்பு, நடு நங்கூரத்தை நெதர்ட்டனிலிருந்து டட்லி ரயில் நிலையத்துக்கு 20 குதிரைகள் பூட்டி இழுத்துப் போனார்கள். அந்த ஊர்வலப் புகைப்படம் இன்றும் அந்த வட்டாரத்தின் அடையாளம். அதைப் பார்க்கிற எவருக்கும், கப்பலை நிறுத்துவது இந்தப் பெரிய இரும்புதான் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் முதல் பிழை.

அன்றாடம் கப்பல் நம்பியிருந்தது பக்கவாட்டு நங்கூரங்களையும் அவற்றின் சங்கிலியையும்தான். சங்கிலிக் கம்பியின் விட்டம் 3⅜ அங்குலம், அதாவது 86 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்த நீளம் 330 பாகம் (ஒரு பாகம் 1.83 மீட்டர்), பக்கத்துக்கு 165 பாகம். கப்பல் கணக்கில் 15 பாகம் ஒரு ஷாக்கிள், அதாவது 27.4 மீட்டர். ஆகப் பக்கத்துக்கு 11 ஷாக்கிள். இந்தக் கனத்தில் ஸ்டட் (கண்ணியின் நடுவே குறுக்காக நிற்கும் இரும்புக் கட்டை) வைத்த சங்கிலி மீட்டருக்குச் சுமார் 160 கிலோ வரும். மொத்த நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 97 டன். மூன்று நங்கூரங்களும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

நடு நங்கூரம் மட்டும் ஏன் அவ்வளவு பெரியது? அது சங்கிலியில் தொங்கவில்லை. அதற்கு இருந்தது எஃகுக் கம்பிவடம். முகப்பில் இருந்த கிரேன் கொண்டு தூக்கி வெளியே இறக்கும் ஏற்பாடு, அவசரத்துக்கு மட்டும். கம்பிவடத்துக்குச் சங்கிலியின் எடை கிடையாது. அந்தக் குறையை நங்கூரமே தன் உடம்பால் ஈடுகட்ட வேண்டும். சிறு படகிலும் இதே விதிதான்: வடத்தில் கட்டிய நங்கூரத்துக்கு முன்னால் சில மீட்டர் சங்கிலியையாவது சேர்க்காமல் போட்டால், நங்கூரத்தின் நடுத்தண்டு மேலே தூக்கிக்கொண்டு நங்கூரம் தரையில் வழுக்கும்.

கண்ணியைக் காய்ச்சி ஒட்டுதல்

அக்காலச் சங்கிலி தேனிரும்பில் ஆனது. தேனிரும்புக்குள் கசடு நார் நாராக ஓடியிருக்கும். நார் ஓடும் திசையில் இழுத்தால் வலிமை அதிகம், குறுக்கே பிளந்தால் குறைவு. அதனால்தான் கம்பியை நீளவாக்கில் வளைத்துக் கண்ணியாக்குகிறார்கள்.

ஸ்டட் வைத்த கண்ணியின் அளவு விகிதம் இன்றும் மாறவில்லை. கம்பி விட்டத்தைப் போல நீளம் 6 மடங்கு, அகலம் 3.6 மடங்கு. அந்த வடிவத்துக்கு நடுக்கோட்டு நீளம் விட்டத்தைப் போல 13 மடங்கு. 86 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கண்ணிக்கு 1.1 மீட்டருக்கும் கூடுதலான துண்டு வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு வேண்டிய உபரி அதற்கு மேல். ஸ்டட்டோடு சேர்த்து ஒரு கண்ணி ஏறத்தாழ 55 கிலோ. 330 பாகத்துக்கு 1,750 கண்ணிகளைத் தாண்டும்.

செய்முறை இது. துண்டைக் காய்ச்சி முதலில் லாட வடிவத்தில் வளைப்பார்கள். இரு முனைகளையும் சரிவாகத் தட்டித் தட்டையாக்குவார்கள். முன்பு செய்த கண்ணிக்குள் நுழைத்து முனைகளை ஒன்றின்மேல் ஒன்று படிய மூடி, மறுபடி உலையில் வைப்பார்கள். இரும்பு வெண்மையாகி, பொறி தெறிக்கத் தொடங்கும் பதம்தான் ஒட்டும் பதம். வெளியே எடுத்ததும் தலைமைக் கொல்லர் சிறு சுத்தியலால் எங்கே அடிக்க வேண்டும் என்று தட்டிக் காட்டுவார். சம்மட்டிக்காரர்கள் முறைவைத்து, ஒருவர் சம்மட்டி எழும்போது இன்னொருவர் சம்மட்டி விழும்படி, அந்த இடத்திலேயே இறக்குவார்கள். கடைசியில் ஸ்டட்டைக் குறுக்கே வைத்து, கண்ணி சூடாக இருக்கும்போதே அழுத்தி இறுக்குவார்கள்.

தாளம் தவறினால் என்ன ஆகும்? இரும்பு ஆற ஆற ஒட்டும் தன்மை போய்விடும். பதம் நிலைப்பது சில நொடிகள். அதற்குள் அடி முடியாவிட்டால், வெளியே மூடிக்கொண்டு உள்ளே ஒட்டாமல் கிடக்கும் பொய்யொட்டு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத பிழை இது. அதிகம் காய்ச்சினால் இரும்பு எரிந்து மணல் மணலாக உதிரும். முனைகளுக்கிடையே கசடு அகப்பட்டாலும் அதே கதைதான். ஆகப் பட்டறையில் தாளம் வேலையை இலகுவாக்கப் பாடிய பாட்டு அல்ல. பொருளின் தரமே அதில்தான் அடங்கியிருந்தது.

பக்கத்து ஊரான க்ராட்லி ஹீத்தில் சிறு சங்கிலிகளைப் பெண்கள் செய்தார்கள், பெரும்பாலும் வீட்டுப் பின்கட்டில். 1909இன் கூலி வாரியச் சட்டப்படி நிர்ணயமான மணிக்கு இரண்டரைப் பென்ஸ் குறைந்தபட்சக் கூலியை முதலாளிகள் தட்டிக்கழிக்கவே, 1910இல் தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்தர் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். போராட்ட நிதியில் மிஞ்சிய பணத்தில் கட்டிய தொழிலாளர் கூடம் இப்போது டட்லியின் பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்துக்குள் பெயர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. டைட்டானிக்கின் குதிரை ஊர்வலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவது நல்லது. அந்தப் பட்டறைகளில் ஆலிவர் என்றொரு பொறி இருந்தது. காலால் மிதித்தால் சுத்தியல் விழும், மிதியை விட்டால் வில்போல் வளைந்த கழி அதை மேலே இழுத்துக்கொள்ளும். இரு கையும் இடுக்கிக்கும் கண்ணிக்கும் ஒழிந்திருக்க, தாளத்தைக் கால் பார்த்துக்கொண்டது.

காதால் சோதித்தல்

பிரிட்டனில் 1864 தொடங்கி வந்த சட்டங்கள் நங்கூரத்தையும் சங்கிலியையும் சோதிக்காமல் விற்பதைத் தடுத்தன. 1899இல் அவை ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. நெதர்ட்டனிலேயே லாய்ட்ஸ் சோதனைக் கூடம் இருந்தது. சங்கிலியை 15 பாகத் துண்டுகளாக இழுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் மூன்று கண்ணிகளை வெட்டி எடுத்து முறிசோதனைக்கு அனுப்புவார்கள். பொய்யொட்டு தப்பிக்க முடியாத இடம் இதுதான்.

வார்த்த எஃகு நங்கூரத்துக்குச் சோதனை வேறு மாதிரி. முதலில் உயரத்திலிருந்து கனத்த இரும்புத் தளத்தின்மேல் போட வேண்டும். இன்றைய விதியில் அது 4 மீட்டர். விரிசல் விடாமல் தப்பினால், தரையில் படாமல் தொங்கவிட்டு 3 கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் எங்கும் தட்ட வேண்டும். தொங்கவிடும் பட்டை உலோகமாக இருக்கக் கூடாது, இருந்தால் ஓசை கெடும். தெளிவான மணியோசை எழுந்தால் வார்ப்பு நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ காற்றுப்பையோ இருக்கிறது. மண்பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்க்கும் அதே வித்தை, பல டன் இரும்பில். அதற்குப் பின்தான் இழுசோதனை. மண்ணைக் கவ்வும் அலகின் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விசை கொடுத்து இழுத்து, இழுக்கும் முன்னும் பின்னும் அளந்து, நிலையான வளைவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

1980களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லினின் ஐன்ஸ்டூர்ட்சண்டே நொய்பாவ்டன் குழுவும், லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழுவும் பழைய இரும்பைத் தாளக்கருவியாக்கியபோது சந்தித்த சிக்கலும் இதுவே. எந்தத் தகடு ஒலிக்கும், எது மொத்தென்று சாகும் என்பது தொங்கவிடும் புள்ளியைப் பொறுத்தது. தரையில் கிடக்கும் இரும்பு வெறும் சத்தம் மட்டுமே எழுப்பும். இரும்பை அதிர்வு குறைவான புள்ளியில் நைலான் கயிற்றால் தூக்கினால் அது சுருதியோடு ஒலிக்கும். நீளமான ஒரே அளவுக் கம்பியானால் அந்தப் புள்ளி இரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி, 22 சதவீதத்தில் இருக்கும்.

கப்பலைப் பிடிப்பது எது

நங்கூரத்தின் பிடி, அதன் தண்டு தரையோடு படுத்திருக்கும்வரைதான். பக்கவாட்டில் இழுத்தால் அலகுகள் மண்ணுக்குள் இன்னும் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். தண்டு 5 பாகை எழும்பினால் பிடி கால்பங்கு குறையும், 15 பாகை எழும்பினால் பாதி போய்விடும் என்பது மாலுமிகள் வைத்திருக்கும் கணக்கு. தண்டைப் படுக்க வைப்பது சங்கிலியின் எடை. தரையில் கிடக்கும் நீளமும், கப்பலுக்கும் தரைக்கும் நடுவே தொய்ந்து தொங்கும் வளைவும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. அலை வந்து கப்பலைத் தள்ளும்போது அந்தத் தொய்வு நிமிரும். நிமிர்வதற்கு வேண்டிய வேலையில் அலையின் உதறல் செலவாகிவிடும்.

டைட்டானிக் சங்கிலியையே வைத்து எண்ணிப் பார்க்கலாம். நீருக்குள் இரும்பு தன் எடையில் 13 சதவீதத்தை இழக்கும். மீட்டருக்கு 140 கிலோ என்று கொள்வோம், அதாவது 1.37 கிலோநியூட்டன். ஹாஸ் பைப்பிலிருந்து (கப்பலின் முகப்பில் சங்கிலி வெளியே வரும் குழாய்) தரைவரை ஆழம் 30 மீட்டர். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து 400 கிலோநியூட்டன் தள்ளினால், தண்டு எழும்பாமலிருக்கக் குறைந்தது 136 மீட்டர் சங்கிலி வெளியே இருக்க வேண்டும். அது 5 ஷாக்கிள். விசை இருமடங்காகி 800 ஆனால் 190 மீட்டர், அதாவது 7 ஷாக்கிள். விசை இருமடங்காவதற்குச் சங்கிலி இருமடங்கு தேவைப்படுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் புயல் வந்த பிறகு சங்கிலி நீட்டுவது, ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய நங்கூரத்துக்கு உதவுமா என்பது தரையைப் பொறுத்தது. களிமண்ணில் சில வேளை உதவும். பாறையில் உதவாது.

இறக்கும் முறையிலும் இதே தத்துவம். கப்பல் மிக மெதுவாகப் பின்னோக்கி நகரும்போது சங்கிலியை விட வேண்டும். நின்ற நிலையில் கொட்டினால் நங்கூரத்தின்மேலேயே குவியும், அலகைச் சுற்றிக்கொள்ளும். வேகமாக நகர்ந்தால் வின்ட்லாஸின் (சங்கிலியைச் சுற்றி இழுக்கும் பொறி) பிரேக் தீயும். நங்கூரம் போட்டு முடிந்ததும் சுமையைத் தாங்க வேண்டியது வின்ட்லாஸ் அல்ல, சங்கிலித் தடுப்பான். தடுப்பான் உள்ள கப்பலில் பிரேக் தாங்க வேண்டியது சங்கிலியின் முறிவிசையில் 45 சதவீதம் மட்டுமே. தடுப்பான் இல்லாவிட்டால் 80. இந்த வேறுபாட்டை மறந்து பிரேக்கை மட்டும் நம்பிப் படுக்கப் போனவர்களின் சங்கிலி இரவில் முழுதும் ஓடிக் கடலுக்குள் போயிருக்கிறது.

எங்கே தவறுகிறது என்பதற்கு 2007 ஜூன் 8 நல்ல பாடம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்கு வெளியே நிலக்கரி ஏற்றக் காத்திருந்த கப்பல் வரிசையில் பாஷா பல்கர் நின்றது. சரக்கில்லாத கப்பல் நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும், காற்று அதை மதில்போல் பிடித்துத் தள்ளும். புயலில் நங்கூரம் இழுபட்டது. தூக்கிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகும் முடிவு தாமதமாக வந்தது. கப்பல் நாபிஸ் கடற்கரையில் ஏறியது, ஜூலை 2 அன்றுதான் மீண்டும் மிதந்தது. கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்களின் விதிகளே, நங்கூரத் தளவாடம் துறைமுகத்திலும் ஒதுக்கான இடத்திலும் தற்காலிகமாக நிற்பதற்கு என்று சொல்கின்றன. நொடிக்கு 25 மீட்டர் காற்று, 2.5 மீட்டர் நீரோட்டம், ஆழத்தைப் போல 6 முதல் 10 மடங்கு சங்கிலி என்பது அவற்றின் அனுமானம். திறந்த கடலின் பேரலை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. நல்ல நங்கூரம் இருக்கிறது என்ற நம்பிக்கையைவிட ஆபத்தானது கப்பலில் வேறு குறைவு.

நிரந்தர மூரிங் (கப்பலைக் கட்டக் கடல்தரையில் வைக்கும் பிணைப்பு) போடுகிறவர்கள் இன்னொரு பிழையும் செய்வார்கள்: தரையில் வைக்கும் கட்டையின் எடையைக் கரையில் நிறுத்தது அப்படியே கிடைக்கும் என்று எண்ணுவது. கான்கிரீட் கனமீட்டருக்கு 2.4 டன். நீருக்குள் போனால் 1.4 டன்தான். ஐந்து டன் கட்டை மூன்று டன்னுக்கும் கீழே. இரும்போ எஃகோ ஆனால் 87 சதவீதம் மிஞ்சும். சங்கிலி தேய்வதும் எங்கும் ஒரே மாதிரி அல்ல. தரையைத் தொட்டு எழும்பும் இடத்துக் கண்ணிகள்தான் நாளெல்லாம் மணலில் உரசிக்கொண்டு கிடக்கும். முக்குளிப்பவர் அளக்க வேண்டியது அங்கே. கப்பல் சங்கிலியில் சராசரி விட்டம் 12 சதவீதம் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

1965, ஒரு தகட்டு ஆலை

பின்னாளில் பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரரான டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது. பர்மிங்ஹாமில் உலோகத் தகட்டு ஆலை ஒன்றில் வேலை. விலகும் நாளன்று, வராத ஒருவருக்குப் பதிலாகப் பொறியில் நிறுத்தப்பட்டார். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர். வலது கைதான் கம்பியை அழுத்தும் கை. கிட்டாரைக் கைவிட இருந்தவரை, இரு விரல் முடங்கியும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கவைத்து ஆலையின் மேலாளர் திருப்பினார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார் ஐயோமி. மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பின்னாளில் சுருதியையே கீழே இறக்கினார். 1971இல் வந்த பிளாக் சப்பாத்தின் மூன்றாம் ஆல்பத்தில் பெரும்பகுதி வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே இருக்கிறது.

கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. கீழ் E கம்பி 82.4 ஹெர்ட்ஸ். மூன்று அரைச்சுரம் இறக்கினால் C ஷார்ப், 69.3 ஹெர்ட்ஸ். இழுவிசை 29 சதவீதம் குறைந்துவிடும். 0.046 அங்குலக் கம்பி, 25.5 அங்குல நீளக் கிட்டாரில் E-யில் சுமார் 8 கிலோ இழுக்கும். C ஷார்ப்பில் அது 5.6 கிலோ. B-க்கு இறக்கினால், 61.7 ஹெர்ட்ஸில், 4.4 கிலோ. ஐயோமி வாசித்த கிட்டாரின் கம்பி நீளம் இன்னும் குறைவு, ஆகவே இழுவிசையும் குறைவு. புண்பட்ட விரலுக்கு அது நிம்மதி. கேட்டவர்களுக்கு அது கனம்.

ஆலை இசைக்குள் நுழைந்த வழி எதுவென்று கேட்டால் இதுதான் பதில். சத்தம் காது வழியாக வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். பொறி இரு விரல் நுனிகளை எடுத்தது, விரல் இழுவிசையைக் குறைக்கச் சொன்னது, குறைந்த இழுவிசை ஒரு இசைவகையின் ஓசையாயிற்று. இந்தச் சங்கிலியில் ஊகத்துக்கு இடமில்லை.

இயந்திரத் தாளம்

1988இல் ஜஸ்டின் பிராட்ரிக்கும் பேஸ் கிட்டார்காரர் ஜி. சி. கிரீனும் காட்ஃப்ளெஷ் தொடங்கியபோது டிரம்மர் இல்லை. அதற்கு முன் பிராட்ரிக் நேப்பாம் டெத் குழுவின் முதல் ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் கிட்டார் வாசித்திருந்தார், அசுர வேகத்தில். காட்ஃப்ளெஷில் வேகத்தைக் கைவிட்டார். தாளத்துக்கு வைத்துக்கொண்டது அலெசிஸ் எச்ஆர்-16, 1987இல் வந்த 16 பிட் டிரம் மெஷின். அதில் ஒவ்வொரு ஓசையின் சுருதியையும் இறக்கலாம். கிக், ஸ்னேர் என்ற டிரம் ஓசைகளைக் கீழே இறக்கினால் அவை நீண்டு, தோல் அடிபடும் ஓசை போய்த் தகடு மோதும் ஓசையாகும். 1989இல் இயரேக் நிறுவனம் வெளியிட்ட அவர்களின் முதல் முழு ஆல்பம் இப்படித்தான் ஒலிக்கிறது.

பலர் செய்யும் தவறு, மெஷின் தாளத்தை மனிதத் தாளம்போல் ஆக்க முயல்வது. அடியின் வலுவை மாற்றி மாற்றி வைப்பது, நேரத்தைச் சற்றே பிசகவைப்பது. இந்த வகை இசைக்கு அது எதிரி. தாளம் அசையாமல் நிற்க வேண்டும். அது தரையில் புதைந்த நங்கூரம். தொய்வு கிட்டாரில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் 857 மில்லிநொடி. அந்த இடைவெளியில் கிட்டார் சற்றுத் தாமதித்து விழலாம், ஃபீட்பேக்காக நீளலாம். இரண்டும் இறுகிப்போனால் தொழிற்சாலை ஒலிப்பதிவு கேட்கும், இசை கேட்காது. அவர்களே 1996இலும் 2001இலும் மனித டிரம்மர்களோடு ஆல்பம் செய்தார்கள். வாசிப்பு திறமானதுதான். ஆனால் முந்தைய பதிவுகளின் அசையாத பாரம் அவற்றில் இல்லை என்பது எங்கள் கருத்து.

எடையைத் தாங்குவது பேஸ். கீழ் E 41.2 ஹெர்ட்ஸ், B-க்கு இறக்கினால் 30.9. பேஸ் முழுவதையும் டிஸ்டார்ஷனில் (ஓசையைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் அடிப்பகுதி கூழாகிவிடும். சிக்னலை இரண்டாகப் பிரித்து, 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சுத்தமாக விட்டு, மேலே உள்ளதை மட்டும் கரகரக்க வைப்பதே வழி. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துபோனதுபோல் தோன்றும். பேஸோடு சேர்த்துக் கேட்டால்தான் காரணம் புரியும்.

தளர்வின் எல்லை

தளர்த்திக்கொண்டே போகவும் முடியாது. சங்கிலியை அளவுக்கு மேல் விட்டால் காற்று மாறும்போது கப்பல் சுழலும் வட்டம் பெரிதாகி, பக்கத்துக் கப்பலின் வட்டத்தோடு வெட்டிக்கொள்ளும். திரும்ப இழுப்பதற்கும் எல்லை உண்டு. வின்ட்லாஸ் வடிவமைக்கப்படுவது 82.5 மீட்டர் சங்கிலியும் நங்கூரமும் செங்குத்தாகத் தொங்கும் எடைக்கு, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில். அதைவிட ஆழத்தில் போட்டுவிட்டு ஏற்ற முடியாமல் மோட்டாரை உடைத்தவர்கள் உண்டு.

கிட்டாரில் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் அது நீண்டு சுருதி மேலேறும், பிறகு கீழே இறங்கும். ஒவ்வொரு அடியும் "ட்யோங்" என்று வளையும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் அடிபட்டுப் படபடக்கும். மருந்து, சுருதியை ஏற்றுவதல்ல, கம்பியைத் தடிப்பாக்குவது. இழுவிசை பழையபடி வேண்டுமானால் விட்டம் அதிர்வெண்ணுக்குத் தலைகீழாக ஏற வேண்டும். E-க்கு 0.046 என்றால் C ஷார்ப்புக்கு 0.054 அல்லது 0.056, B-க்கு 0.062, A-க்கு 0.068 அல்லது 0.070. ஆனால் பழைய இழுவிசையை முழுதும் மீட்டுவிட்டால், முதலில் தேடிப்போன அந்தக் கனமே குறைந்துவிடும். ஒரு அளவு குறைத்துக் கட்டுவதே பெரும்பாலும் சரிப்படும். B-க்கு 0.060 போதும்.

தடித்த கம்பி போட்டதும் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தில் கம்பி அமரும் நட் பள்ளம் பழைய அளவில் இருந்தால் கம்பி அதில் சிக்கும், சுருதி நிற்காது. உரிய அளவு அரத்தால் அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. கழுத்தின் வளைவு மாறியிருக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால்சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டு மீண்டும் பார்க்கலாம். கடைசியாகப் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட உயர்ந்து ஒலித்தால் இன்னும் பின்னே, தாழ்ந்து ஒலித்தால் முன்னே. பல பிரிட்ஜ்களில் A சுருதிக்கு 0.070 கட்டினால் சேடில் பின்னால் போக இடமே இருக்காது. அங்கே திருகாணியின் வில்லைக் கழற்றிவிட்டால் சில மில்லிமீட்டர் கிடைக்கும்.